ஹோஸ்டிங் தொழிலுக்கு ரெடிமேட் சர்வர் பெட்டி வாங்கலாமா?

கேள்வி
6 ஜனவரி 2025, காலை 11.20

ஈரோட்டில் வெப் டிசைன் செய்கிறேன். சுமார் 120 வாடிக்கையாளர்கள். ஜவுளிக் கடைகள், மஞ்சள் வியாபாரிகள், சில பள்ளிக்கூடங்கள், இரண்டு ஆஸ்பத்திரி. எல்லாருடைய தளமும் மெயிலும் இப்போது, ஒரு ஹோஸ்டிங் கம்பெனியிடம் மொத்தமாக வாடகைக்கு எடுத்த என் ரீசெல்லர் கணக்கில் இருக்கின்றன. வாடகை ஏறிக்கொண்டே போவதால் சொந்தமாக சர்வர் வாங்க நினைக்கிறேன். கோவையில் ஒரு டீலர் ‘ஹோஸ்டிங் அப்ளையன்ஸ்’ தருகிறேன் என்கிறார். ரேக் அலமாரியில் செருகும் மெல்லிய 1யு பெட்டி, தளங்களை பிரவுசரிலேயே நிர்வகிக்கும் கன்ட்ரோல் பேனல், மெயில், பேக்கப் எல்லாம் உள்ளேயே போட்டு வரும், ஐபி எண் கொடுத்தால் போதும், சர்வரைப் பராமரிக்கும் சிஸ்டம் அட்மினே தேவையில்லை, 3 ஆண்டு வாரன்டி. இன்னொரு பக்கம் சென்னை ரிச்சி தெருவில் அதில் பாதி விலைக்குப் பழைய டெல் சர்வர் கிடைக்கிறது. அட்மின் சம்பளம் மிச்சம் என்பதால் அப்ளையன்ஸ்தான் சரி என்பது என் கணிப்பு. அண்ணன்மார்கள் சொல்லுங்கள்.

பதில்
6 ஜனவரி, இரவு 10.05

பணம் கொடுக்கும் முன்பு டீலரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். உள்ளே ஓடுவது எந்த லினக்ஸ் (சர்வரின் இயங்குதளம்), எந்தப் பதிப்பு? அதற்கு ஓட்டைகளை அடைக்கும் செக்யூரிட்டி பேட்ச் யார் தருகிறார்கள், எந்தத் தேதி வரை? நாளைக்கே பெட்டியை விட்டு வெளியேற நினைத்தால் மெயில்பாக்ஸ், டேட்டாபேஸ், பாஸ்வேர்டு ஹாஷ் (பாஸ்வேர்டை மறைத்துச் சேமித்த வடிவம்) மூன்றையும் மொத்தமாக வெளியே எடுக்க வழி உண்டா? பதிலை வாட்ஸ்அப் குரலில் வாங்காதீர்கள், மெயிலில் வாங்குங்கள்.

அட்மின் தேவையில்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள். தளம் ஹேக் ஆனால், அனுப்பக் காத்திருக்கும் மெயில் கியூ நிரம்பினால், டிஸ்க் முழுதானால் யாராவது உள்ளே போய்த்தான் ஆக வேண்டும். அந்த யாராவது டீலராக இருந்தால் அவர் போன் எடுக்க வேண்டும். நீங்களாக இருந்தால் சர்வரில் முழு அதிகாரம் தரும் ரூட் பாஸ்வேர்டு உங்களிடம் இருக்க வேண்டும். பல அப்ளையன்ஸ்களில் ரூட் தரமாட்டார்கள். அதையும் கேட்டுவிடுங்கள்.

7 ஜனவரி, காலை 7.40

நேற்று எழுதி முடித்தபின் கோபால்ட் ராக் ஞாபகம் வந்தது. இந்தத் தொழிலில் அப்ளையன்ஸ் என்ற யோசனையே அங்கிருந்துதான் பரவியது. இளையவர்களுக்குத் தெரிந்திருக்காது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கோபால்ட் நெட்வொர்க்ஸ், கலிஃபோர்னியாவில் மவுன்டன் வியூ. 1998இல் க்யூப் என்று சின்னப் பெட்டி ஒன்றையும், ரேக்கில் பொருத்த ராக் என்ற 1யு பெட்டியையும் கொண்டுவந்தார்கள். 1யு என்றால் உயரம் 1.75 அங்குலம். அந்தக் காலத்தில் ஹோஸ்டிங்குக்கு அவ்வளவு மெல்லிய சர்வர் அபூர்வம். முகப்பில் சின்ன எல்சிடி, பக்கத்தில் அம்புக்குறிப் பொத்தான்கள். மானிட்டர், கீபோர்டு எதுவும் வேண்டாம். பொத்தானை அழுத்தி ஐபி எண்ணைப் போட்டால், மீதி எல்லாம் பிரவுசரிலேயே முடியும். புதுத் தளம் சேர்ப்பது, மெயில் ஐடி திறப்பது, ஃபிரன்ட்பேஜ் (அந்தக் காலத்தில் தளம் வடிவமைக்கும் மென்பொருள்) எக்ஸ்டென்ஷன் போடுவது எல்லாம் டிக் அடிக்கும் வேலை.

நான் அப்போது சென்னையில் ஒரு சின்ன ஹோஸ்டிங் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. அந்தப் பெட்டியில்தான் தொழில் கற்றேன், இன்றும் அதன் மேல் பிரியம் உண்டு. லினக்ஸே தெரியாத டிசைனர்கள் அதை வைத்து ஹோஸ்டிங் தொழில் தொடங்கினார்கள், பிழைத்தார்கள். டீலர் சொல்லும் வாக்குறுதி அன்று உண்மையாகவே வேலை செய்தது. அதை மறைக்க நான் தயாரில்லை.

அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1999 நவம்பரில் கோபால்ட் பங்குச் சந்தைக்கு வந்தது. 2000 செப்டம்பரில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் சுமார் 200 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளுக்கு அதை வாங்குவதாக அறிவித்தது. 2002இல் ராக் 550 வந்தது. 2003இல் அந்த வரிசைக்கே சன் முற்றுப்புள்ளி வைத்தது. வாங்கிப் போட்டவர்கள் கையில் பெட்டி இருந்தது, பேட்ச் தரும் ஆள் இல்லை. தளங்களை ஓட்டும் மென்பொருளான அப்பாச்சியையோ பிஎச்பியையோ கையால் புதுப்பிக்கலாம் என்றால், பெட்டி தன் அமைப்புகளை எல்லாம் தனியாக ஒரு டேட்டாபேஸில் வைத்திருக்கும். கோப்பை நீங்கள் மாற்றுவீர்கள், பேனல் பழையதையே நம்பிக்கொண்டிருக்கும். அடுத்த முறை பேனலில் எதையாவது சேமித்தால் இரண்டும் மோதும்.

சன் பின்னால் அந்தப் பேனலின் மூல நிரலை (சோர்ஸ் கோட்) வெளியிட்டது. ஜப்பானில் இருந்த கோபால்ட் பயனர்கள் அதை எடுத்து சென்ட்ஓஎஸ் என்ற இலவச லினக்ஸ் மேல் ஓடவைத்தார்கள், ப்ளூகுவார்ட்ஸ் என்று பெயர். அதிலிருந்து வந்த ப்ளூஆனிக்ஸ் இன்றும் ஆல்மாலினக்ஸ் என்ற இன்னொரு இலவச லினக்ஸ் மேல் ஓடுகிறது. கம்பெனி போய் இருபது ஆண்டுக்கு மேல் ஆகியும் பேனல் உயிரோடு இருப்பதற்குக் காரணம் நிரல் வெளியே வந்ததுதான். உங்கள் டீலர் தரும் பெட்டிக்கு அந்த வாய்ப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

9 ஜனவரி, மாலை 6.30

கேட்டவர் திரும்பி வந்து எழுதியிருக்கிறார்: “அண்ணா, உள்ளே இருப்பது சென்ட்ஓஎஸ் 7. பேனல் அவர்களே எழுதியது. பின்னால் அப்கிரேடு செய்து தருவோம் என்கிறார்கள். ரூட் கிடையாது.”

வாங்க வேண்டாம். சென்ட்ஓஎஸ் 7 ஆதரவு 2024 ஜூன் 30 அன்றே முடிந்துவிட்டது. 2025இல் அதைப் புதுப்பெட்டி என்று விற்பது சரியில்லை. சிபேனல் போன்ற பொதுவான பேனல் இருந்தால் ஆல்மாலினக்ஸ் 8க்கு மாற்றும் கருவிகளாவது உண்டு. சொந்தமாக எழுதிய பேனல், ரூட் இல்லை என்றால் நீங்கள் கதவுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். 3 ஆண்டு வாரன்டி என்பது ஹார்டுவேருக்கு. ஆஸ்பத்திரித் தளத்தில் எவனோ புகுந்தால் அந்த வாரன்டி எதற்கும் உதவாது.

9 ஜனவரி, இரவு 9.15

சென்ட்ஓஎஸ் என்ற பெயருக்கே ஒரு எச்சரிக்கை. 2020 டிசம்பர் 8 அன்று, சென்ட்ஓஎஸ் 8ஐ 2021 கடைசியோடு முடித்துக்கொள்வதாக அதை நடத்தும் ரெட்ஹேட் கம்பெனி அறிவித்தது. 2029 வரை ஓடும் என்று நம்பி ஏற்றியவர்கள் எல்லாரும் ஒரே ஆண்டில் இடம் மாற வேண்டியதாயிற்று. அதற்கு மாற்றாக ஆல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் 2021இல் வந்ததால் தப்பினோம். ஆகவே கேட்டவரே, ‘பெரிய கம்பெனி, கைவிடமாட்டான்’ என்ற நம்பிக்கையில் எதையும் வாங்காதீர்கள். கைவிட்டால் அடுத்து எங்கே போவது என்று தெரிந்திருந்தால் போதும்.

12 ஜனவரி, காலை 11.00

ரிச்சி தெருப் பெட்டிக்கு வருவோம். பழைய சர்வர் வாங்குவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஐடி கம்பெனிகள் லீஸ் முடிந்து கழித்துவிடும் பெட்டிகள் அவை. நல்ல இடத்தில், ஏசியில் இருந்தவை. எந்தத் தலைமுறை என்பதுதான் விஷயம்.

இன்டெலின் சர்வர் ப்ராசஸரான சியான் இ5 வரிசையில், பெயரின் கடைசியில் வி3 அல்லது வி4 என்று இருக்க வேண்டும். வி1, வி2 மலிவாகக் கிடைக்கும், தொடாதீர்கள். ரெட்ஹேட் லினக்ஸின் 10ஆம் பதிப்புக்கு (ஆல்மா அதை ஒட்டித்தான் வரும்) ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு உள்ள ப்ராசஸர் வேண்டும். இன்டெல் சர்வர்களில் அது வி3இல்தான் வந்தது. இன்னொரு சிக்கல் ரெய்டு கார்டு, பல டிஸ்கை ஒன்றாக இணைத்து நிர்வகிப்பது. ரெட்ஹேட் 8 வந்தபோதே பழைய கார்டுகள் பலவற்றின் டிரைவரை எடுத்துவிட்டார்கள். இன்ஸ்டால் செய்ய உட்கார்ந்தால் டிஸ்கே கண்ணுக்குத் தெரியாது. கடையில் நின்றபடியே ஆல்மா 9 பென்டிரைவைப் போட்டு பூட் செய்து, டிஸ்க் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார்.

மெமரி, பிழையைத் தானே திருத்தும் இசிசி ரகமாக இருக்க வேண்டும், 64 ஜிபி போதும். ப்ராசஸரில் கோர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். வேர்ட்பிரஸ் தளம் ஒன்றைத் திறக்கும்போது அந்த ஒரு பக்கத்துக்கான பிஎச்பி வேலை ஒரே கோரில்தான் நடக்கிறது. 2 கிகாஹெர்ட்ஸில் இருபது கோர் இருப்பதைவிட 3.5இல் எட்டு கோர் இருந்தால் உங்கள் ஜவுளிக்கடைக்காரர் ‘சைட்டு ஸ்பீடா இருக்கு’ என்பார்.

12 ஜனவரி, பிற்பகல் 3.20

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். ஆல்மாவின் 10ஆம் பதிப்பில் ஏவிஎக்ஸ்2 இல்லாத சிப்புகளுக்கும் தனியாகக் கட்டித் தருகிறார்கள் என்று நண்பர் ஒருவர் சுட்டிக்காட்டினார். உண்மைதான். ஆனால் ஹோஸ்டிங் பேனல்களும் வெளி ரெப்போக்களும் (மென்பொருள் களஞ்சியங்கள்) அதற்கும் சேர்த்துக் கட்டித் தருமா என்பது வேறு கேள்வி. இ5 வி3க்கும் வி2க்கும் விலை வித்தியாசம் அவ்வளவு பெரிதில்லை. வி3க்கே போங்கள்.

15 ஜனவரி, இரவு 8.45

டிஸ்க். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பெட்டி பழையதாக இருக்கலாம், டிஸ்க் புதியதாகத்தான் இருக்க வேண்டும், அதுவும் டேட்டா சென்டர் ரகம்.

கடையில் 1 டிபி (1,000 ஜிபி) சாதாரண எஸ்எஸ்டி மலிவு. அதன் ஆயுளில் மொத்தம் எழுதக்கூடிய அளவு வழக்கமாக 600 டிபி. டேட்டா சென்டர் ரகத்தில் ‘ஒரு நாளைக்கு ஒருமுறை முழுதாக எழுதலாம், 5 ஆண்டு’ என்று போட்டிருந்தால், 960 ஜிபி டிஸ்குக்கு அது 1,752 டிபி வரும். 120 தளத்தின் மெயில், செஷன், கேஷ், டேட்டாபேஸ், லாக் எல்லாம் இரவும் பகலும் எழுதிக்கொண்டே இருக்கும். வித்தியாசம் சீக்கிரமே தெரிந்துவிடும்.

அதைவிட முக்கியம் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள். தளங்களின் டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல் ஒவ்வொரு முறையும் ‘எழுதியாகிவிட்டதா, உறுதியா’ என்று டிஸ்கைக் கேட்கும். கெப்பாசிட்டர் உள்ள டிஸ்க், கரண்ட் போனாலும் கையில் இருப்பதை எழுதி முடித்துவிடும் என்பதால் உடனே ‘ஆச்சு’ என்று சொல்லும். சாதாரண டிஸ்க் உண்மையிலேயே எழுதி முடிக்கும் வரை காக்க வைக்கும். பாக்ஸில் போட்டிருக்கும் வேகத்தை நம்பி வாங்கிவிட்டு, உல்லாசமாகப் பறக்க வேண்டிய சர்வர் ஏன் நொண்டுகிறது என்று திணறுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு டிஸ்க், ரெய்டு 1, அதாவது இரண்டிலும் ஒரே தகவல். லினக்ஸின் சாஃப்ட்வேர் ரெய்டே போதும். கார்டு செத்தால் அதே மாடல் கார்டைத் தேடி அலைய வேண்டாம், டிஸ்கைக் கழற்றி வேறு பெட்டியில் செருகினால் எழுந்துவிடும்.

16 ஜனவரி, காலை 6.50

இரண்டு டிஸ்கையும் ஒரே கடையில் ஒரே தயாரிப்புத் தொகுதியில் வாங்காதீர்கள். முடிந்தால் இரண்டு வெவ்வேறு கம்பெனி. 2019 நவம்பரில் எச்பிஇ (எச்பி சர்வர் கம்பெனி) தன் எஸ்ஏஎஸ் ரக சர்வர் எஸ்எஸ்டிகள் சிலவற்றுக்கு அவசர ஃபர்ம்வேர் (டிஸ்குக்குள் ஓடும் மென்பொருள்) அறிவிப்பு விட்டது. 32,768 மணி நேரம் ஓடியதும் டிஸ்க் செத்துவிடும், தகவலை மீட்கவும் முடியாது என்று. கணக்குப் போட்டால் 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரம். ஒரே நாளில் பவர் போட்ட இரண்டு டிஸ்கும் ஒரே நாளில் போயிருக்கும். ரெய்டு அங்கே என்ன செய்யும்? சில மாதம் கழித்து 40,000 மணி நேரக் கணக்கோடு இன்னொரு அறிவிப்பும் வந்தது. ஃபர்ம்வேர் ஏற்றியவர்கள் தப்பினார்கள், ஆகவே டிஸ்க் ஃபர்ம்வேரையும் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

19 ஜனவரி, இரவு 10.30

“அண்ணா, பெட்டியை ஈரோட்டில் என் ஆபீஸிலேயே வைத்துக்கொள்ளலாமா? லீஸ்டு லைன், யுபிஎஸ், ஏசி எல்லாம் இருக்கிறது. டேட்டா சென்டரில் பெட்டியை வைக்கும் கோலோ வாடகை மிச்சமாகுமே.”

டெஸ்ட் செய்ய வையுங்கள். வாடிக்கையாளரை ஏற்றாதீர்கள். 150 வாட் இழுக்கும் பெட்டி ஆண்டு முழுக்க ஓடினால் 1,314 யூனிட். அதோடு ஏசியும் இரவும் பகலும் ஓட வேண்டும், அதுவும் வணிக இணைப்பு விலையில். கணக்கில் கோலோவுக்குப் பக்கத்தில் வந்துவிடுவீர்கள். லைன் ஒன்றே ஒன்று. ரோட்டில் எவரோ குழி தோண்டினால் 120 பேரும் இருட்டில். யுபிஎஸ் பேட்டரி ஈரோட்டு வெயிலில் எவ்வளவு நாள் தாங்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

சென்னையில் 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது எங்கள் ஆபீஸ் தெருவில் மரமும் மின்கம்பமும் சேர்ந்து கிடந்தன. கரண்ட் திரும்ப நாளாயிற்று. கோலோவில் இருந்த பெட்டிகள் டீசல் ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தன. வாடகை எதற்கு என்று அன்றைக்குப் பிறகு எங்களில் யாரும் கேட்டதில்லை.

20 ஜனவரி, காலை 9.10

கோலோ என்றதும் எழுத நினைத்தது. ஈரோட்டிலிருந்து சென்னைக்கு நீங்கள் ஓட முடியாது. தூரத்திலிருந்து திரையைப் பார்க்க வழி வேண்டும். டெல்லில் ஐடிராக், எச்பியில் ஐஎல்ஓ, சூப்பர்மைக்ரோவில் ஐபிஎம்ஐ. விற்பவர் ‘ஐடிராக் இருக்கு சார்’ என்பார். என்ன லைசென்ஸ் என்று கேளுங்கள். எக்ஸ்பிரஸ் என்றால் ஆன், ஆஃப் செய்யலாம், திரை தெரியாது. என்டர்பிரைஸ் வேண்டும். ஐஎல்ஓவிலும் ஓஎஸ் பூட் ஆனபின் திரையைப் பார்க்க அட்வான்ஸ்டு லைசென்ஸ் தேவை. சூப்பர்மைக்ரோவில் திரை இலவசம். எச்பி ப்ரோலயன்டுக்கு இன்னொன்று, 2014 முதல் வாரன்டியோ ஒப்பந்தமோ இல்லாதவர்களுக்குப் பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் தருவதில்லை. பழைய எச்பி மலிவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

தூரத்திலிருந்து பார்க்கும் இந்த ஐபிஎம்ஐ வகைப் போர்ட்டைப் பொது இணையத்தில் திறந்து வைக்காதீர்கள். விபிஎன் என்ற பாதுகாப்பான தனிப் பாதை வழியாக மட்டும்.

27 ஜனவரி, இரவு 11.00

பேனல். 2019 ஜூன் வரை சிபேனல் ஒரு சர்வருக்கு ஒரு விலை. எத்தனை கணக்கு வேண்டுமானாலும் போடலாம். அந்த நம்பிக்கையில்தான் சின்ன ஹோஸ்டிங் கம்பெனிகள் ஒரு பெட்டியில் ஆயிரம் கணக்கு போட்டு மலிவாக விற்றன. அந்த மாதம் கணக்கு எண்ணிக்கைப்படி விலை என்று மாற்றினார்கள். 100 கணக்கு வரை ஒரு விலை, அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் தனி. அதன்பின் ஆண்டு பிறந்தால் விலை ஏறுகிறது. உங்களிடம் 120. நூறைத் தாண்டி நிற்கிறீர்கள். யாருமே பார்க்காத பழைய தளங்களை, டொமைன் காலாவதியானவற்றை, முதலில் கழியுங்கள். நூறுக்குள் வரக்கூடும்.

டைரக்ட்அட்மின் என்ற இன்னொரு பேனலில் கணக்கு எண்ணிக்கைக்கு வரம்பில்லாத லைசென்ஸ் உண்டு. நான் இப்போது அதைத்தான் ஓட்டுகிறேன், திருப்தி. இலவசப் பேனல்கள்? விர்ச்சுவல்மின், ஐஎஸ்பிகான்ஃபிக் இரண்டும் கௌரவமானவை, நீண்ட காலமாக இருப்பவை. ஆனால் 2024 அக்டோபரில் சைபர்பேனல் என்ற இலவசப் பேனலுக்கு நடந்ததை மறக்க வேண்டாம். லாகின் இல்லாமலே உள்ளே புகும் ஓட்டை, 20,000க்கும் மேற்பட்ட சர்வர்கள் இணையத்தில் திறந்து கிடந்தன, தகவலைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர்காரர்கள் மொத்தமாக வாரிக்கொண்டார்கள். எந்தப் பேனலாக இருந்தாலும் அதன் போர்ட்டை ஃபயர்வாலில் உங்கள் ஐபிக்கு மட்டும் திறங்கள். வாடிக்கையாளருக்குப் பேனல் கொடுத்தே ஆக வேண்டுமா? ஜவுளிக்கடைக்காரர் பேனலில் என்ன செய்யப் போகிறார், மெயில் பாஸ்வேர்டு மாற்றத் தெரிந்தால் போதும்.

2 பிப்ரவரி, காலை 8.00

ஒரு வாரமாக யோசித்ததில் என் அறிவுரை கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. இதுவரை எந்தப் பெட்டி என்று பேசிக்கொண்டிருந்தேன். மதர்போர்டு போனால் என்ன செய்வீர்கள் என்று யாரும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை.

பழைய பெட்டி ஒன்று வாங்கினால் போதாது. அதே மாடலில் இரண்டு வாங்குங்கள். இரண்டாவதை ரேக்கில் ஏற்ற வேண்டாம், கோலோக்காரர்கள் சம்மதித்தால் அங்கேயே டப்பாவில் கிடக்கட்டும், இல்லையென்றால் சென்னையில் நம்பகமான ஒருவர் வீட்டில். மதர்போர்டு, பவர் சப்ளை, ஃபேன் எது போனாலும் டிஸ்கைக் கழற்றி மாற்றிவிடலாம். டீலரின் அப்ளையன்ஸ் விலையில் பாதி என்றீர்களே, அப்போது இரண்டு வாங்கினாலும் அதே விலைதான். அப்ளையன்ஸில் கெட்டால் ‘கம்பெனிக்கு அனுப்பி வாங்கணும் சார்’ என்பார்கள், அதுவரை மஞ்சள் வியாபாரிக்கு மெயில் வராது.

இன்னொரு பாதையும் உண்டு. சொந்தப் பெட்டியே வேண்டாம், டெடிகேட்டட் சர்வரை, அதாவது ஒரு பெட்டி முழுவதையும், மாத வாடகைக்கு எடுப்பது. ஹார்டுவேர் கெட்டால் மாற்றுவது அவர்கள் தலைவலி. 120 கணக்குக்கு அதுவும் தப்பில்லை. சொந்தப் பெட்டிக்கு நான் சாய்வதற்குக் காரணம், உங்கள் ஆட்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டுக்காரர்கள், மூன்று நான்கு ஆண்டு ஓட்டினால் பெட்டி விலை திரும்பிவிடும். ஜிஎஸ்டி பில்லோடு வாங்கினால் 18 சதவீத வரியைக் கழித்துக்கொள்ளலாம், வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு ஆண்டுக்கு 40 சதவீதத் தேய்மானம். பில் இல்லாமல் ‘கேஷ்னா குறைச்சுத் தரேன்’ என்பவரிடம் வாங்கினால் இந்த இரண்டும் போய்விடும்.

4 பிப்ரவரி, இரவு 9.40

“ரெய்டு இருக்கிறதே, பேக்கப் தனியாக வேண்டுமா?” என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார்.

வேண்டும், வேறு ஊரில் வேண்டும். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் கம்பெனியின் டேட்டா சென்டர் ஒன்று முழுதாக எரிந்தது. பேக்கப்புக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்த சிலரின் பேக்கப்பும் அதே இடத்திலேயே இருந்தது. கோர்ட் வரை போனார்கள், நஷ்ட ஈடும் தீர்ப்பானது. ஆனால் போன தளம் திரும்பி வந்ததா?

சென்னையில் சர்வர் இருந்தால் பேக்கப் மும்பையிலோ பெங்களூரிலோ இருக்கட்டும். ஈரோட்டு ஆபீஸில் வைக்க ஆசைப்பட்டீர்களே, அதற்கு இதுதான் சரியான வேலை. பெரிய ஹார்டு டிஸ்க் இரண்டு போட்ட சாதாரணப் பெட்டி, இரவில் சர்வரிலிருந்து இழுத்துக்கொள்ளட்டும். சர்வர் போய் பேக்கப் பெட்டிக்குள் எழுதக்கூடாது, பேக்கப் பெட்டி வந்து எடுத்துப் போக வேண்டும். சர்வருக்குள் புகுந்தவன் பேக்கப்பை அழிக்கும் வழி அப்போது அடைபடும்.

பேக்கப் எடுக்கும் நேரம் ஜிபியைப் பொறுத்தது என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு மெயிலும் தனிக் கோப்பு. பள்ளிக்கூட ஆபீஸ் மெயில்பாக்ஸ் ஒன்றில் பத்தாண்டு மெயில் லட்சக்கணக்கில் கிடக்கும். 5 ஜிபிதான் இருக்கும், ஆனால் 50 ஜிபி வீடியோவைவிட அதிக நேரம் எடுக்கும். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு தளத்தை எடுத்து வேறு இடத்தில் ரீஸ்டோர் செய்து திறந்து பாருங்கள். இதைச் செய்யாதவர்களிடம் பேக்கப் இருக்கிறது என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

11 பிப்ரவரி, மாலை 5.15

ஐபி எண். முன்பெல்லாம் எஸ்எஸ்எல் (பிரவுசரில் https என்று வரும் பாதுகாப்பு) போட ஒவ்வொரு தளத்துக்கும் தனி ஐபி வேண்டும். இப்போது தேவையில்லை, ஒரே ஐபியில் 120 தளத்துக்கும் லெட்ஸ்என்க்ரிப்ட் இலவசச் சான்றிதழ் போடலாம். ஆனாலும் மெயிலுக்குத் தனி ஐபி வையுங்கள். கோலோக்காரர்களிடம் பிடிஆர் பதிவு (ஐபி எண்ணை உங்கள் சர்வர் பெயரோடு இணைப்பது) போட்டுத் தருவார்களா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேளுங்கள், அது ஐபி வைத்திருப்பவர் கையில்தான் இருக்கிறது. தரப்போகும் ஐபிகளை முன்கூட்டியே வாங்கி, ஸ்பேம் அனுப்பும் ஐபிகளைத் தொகுக்கும் ஸ்பாம்ஹவுஸ் பட்டியலில் இருக்கின்றனவா என்று தேடிவிடுங்கள். முன்பு இருந்தவன் ஸ்பேம் அனுப்பியிருந்தால் அவன் பாவம் உங்கள் வாடிக்கையாளர் தலையில் விடியும்.

மெயில் வேலையே வேண்டாம் என்பதுதான் என் உள்மனது. ஆஸ்பத்திரி, பள்ளி இரண்டையும் கூகுளிலோ ஜோஹோவிலோ காசு கட்டி வைக்கச் சொல்லுங்கள். மற்றவர்களுக்கு நீங்கள் கொடுங்கள்.

11 பிப்ரவரி, மாலை 5.40

விட்டுப்போனது: 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவு உங்களுக்கும் பொருந்தும். லாக் கோப்புகளை (சர்வரில் நடந்தவற்றின் பதிவு) 180 நாள் வைத்திருக்க வேண்டும், ஹேக் போன்ற சம்பவம் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். விபிஎஸ் (ஒரு பெட்டியைப் பல தனி சர்வர்களாகப் பிரித்தது) விற்கத் தொடங்கினால் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். லாகையும் ஈரோட்டு பேக்கப் பெட்டியே அன்றன்று இழுத்துக்கொள்ளட்டும். சர்வர் டிஸ்க் நிரம்புவதும் குறையும்.

23 பிப்ரவரி, காலை 10.30

கேட்டவர் வாங்கிவிட்டார். இ5 வி4 போட்ட டெல் 1யு இரண்டு, ஜிஎஸ்டி பில்லோடு. ஐடிராக் என்டர்பிரைஸ். புது டேட்டா சென்டர் டிஸ்க் இரண்டு, வெவ்வேறு கம்பெனி. கடைக்காரர் ஆல்மா பூட் செய்து பார்க்க மேசையும் டீயும் கொடுத்தாராம். நல்ல மனிதர். டீலர் இன்னும் போன் செய்கிறாராம், 20 சதவீதம் குறைத்துத் தருகிறேன் என்று. எடுக்காதீர்கள்.

அட்மின் சம்பளம் பற்றித் திரும்பவும் கேட்டிருக்கிறீர்கள், தம்பி. முழுநேர ஆள் வேண்டாம். மாதம் சில மணி நேரம் பார்க்க ஒருவரை ஒப்பந்தத்தில் பிடியுங்கள், பேட்ச் போடும் வேலையை மட்டும் நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் பழகிவிடும். அப்ளையன்ஸ் வாங்கியிருந்தால் அந்த ஆறு மாதம் கழித்தும் எதுவும் தெரியாமல் டீலர் போனுக்குக் காத்திருப்பீர்கள். எனக்கு இதில்தான் உண்மையான வருத்தம், கோபால்ட் காலத்தில் எத்தனையோ பேர் அப்படி நின்றதைப் பார்த்தவன் என்பதால்.

1 மார்ச், இரவு 8.20

எந்த வரிசையில் மாற்றுவது என்ற கேள்விக்கு. முதலில் உங்கள் சொந்தத் தளமும் மெயிலும். ஒரு வாரம் அதில் வாழுங்கள். அப்புறம் மெயில் இல்லாத வெறும் தளங்கள். அடுத்து ஜவுளிக் கடைகள், இப்போது அவர்களுக்குப் பெரிய சீசன் இல்லை. பள்ளிகளை மார்ச்சுக்குள் முடித்துவிடுங்கள், அட்மிஷன் தொடங்கிவிட்டால் தொட முடியாது. ஆஸ்பத்திரி கடைசி, ஞாயிறு இரவு.

ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு நாள் முன்பே டிஎன்எஸ்ஸில் (தளப் பெயருக்கு எந்த ஐபி என்ற பதிவு) டிடிஎல்லை, அதாவது பழைய ஐபியை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 300 விநாடிக்குக் குறைத்துவிடுங்கள். மெயில்பாக்ஸை முன்கூட்டியே ஒருமுறை நகலெடுத்து வைத்து, மாற்றும் இரவில் மிச்சத்தை மட்டும் மெயில் நகலெடுக்கும் கருவியான ஐமேப்சிங்கில் இழுங்கள். மாற்றிய மறுநாளும் ஒருமுறை இழுக்க வேண்டும், பழைய சர்வருக்கு வந்து சேர்ந்த மெயில் அங்கே கிடக்கும். ரீசெல்லர் கணக்கை ஏப்ரல் கடைசி வரை ரத்து செய்யாதீர்கள், அந்த ஒரு மாத வாடகை போனால் போகட்டும்.